கடல் கடந்த வியாபாரமும் தபால் தாமதமும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் ஒரு மாதத்துக்கு முன் போன் பண்ணினார். "நீ வெளிநாட்டுக்கெல்லாம் பொம்மை விக்கிறியாமே! அதைப் பத்திப் பேசு. நம்ம ஆளுங்க பிள்ளைங்க நிறைய பேர் கம்ப்யூட்டர்ல கடை போட்டுட்டாங்க, அவங்களுக்கு உதவியா இருக்கும்" என்றார். "ஜெயிச்ச கதையா, தோத்த கதையா?" என்று கேட்டேன். "எது உண்மையோ அது" என்றார். அதனால் தோற்ற கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

முதலில் நம் வகுப்பறைக்கே போவோம். 1988-ல் பி.காம். சேர்ந்த கூட்டம் நாங்கள். இதே கட்டடத்தின் மாடியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வணிகச் சட்டம் வகுப்பு. பாதிப் பேர் தூங்கி வழிவோம். 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தை நடத்திக்கொண்டே பேராசிரியர் சட்டென்று ஒருவனை எழுப்புவார். "தஞ்சாவூர் வியாபாரி, மெட்ராஸ் வியாபாரி சொன்னபடி நூறு மூட்டை அரிசியை ரயில்ல ஏத்திட்டான். விழுப்புரம் தாண்டினதும் மழையில மூட்டை நனைஞ்சு போச்சு. நஷ்டம் யாருக்கு?" எழுந்தவன் திருதிருவென்று விழிப்பான். பதிலை அவரே சொல்வார். அந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் அனுப்பச் சொன்ன சரக்கை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்தால், பொதுவாக அது வாங்குபவரிடமே ஒப்படைத்த மாதிரிதான். மூட்டை ரயில் ஏறியாச்சு, விற்றவன் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்! கடைசியில், "அவங்களுக்குள்ள வேற பேச்சு இல்லாத வரைக்கும்" என்று ஒரு வாலையும் சேர்ப்பார். வால் வந்த நேரத்தில் நான் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் கழித்து அதற்குக் காசு கொடுத்துப் பாடம் படித்தேன்.

படிப்பு முடிந்ததும் அப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்தேன். 2016-ல் என் மகள்தான், "அப்பா, நம்ம ஊர்ப் பொருளுக்கு வெளியூர்ல எவ்வளவு மதிப்பு தெரியுமா?" என்று ஆரம்பித்து வைத்தாள். தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, நெட்டி வேலைப்பாடு, மூன்றுமே புவிசார் குறியீடு பெற்றவை. படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டோம். டில்லிக்காரர் வாங்கினார், சிங்கப்பூர்க்காரர் வாங்கினார், பிறகு அமெரிக்காக்காரர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், 2024-ல் என் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அமெரிக்கா ஒன்றுதான். அதில் பெரும்பங்கு நவராத்திரிக்கு முந்தைய மூன்று மாதம்.

பார்சல் எப்படிப் போகிறது என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் ஒன்று எடுக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் கட்டணம். பிறகு தபால் வழி ஏற்றுமதிப் படிவம். 2022 கடைசியில் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்பாடு வந்தது. நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட தபால் நிலையங்களில் இது இருக்கிறது. சின்ன ஊரில் இருப்பவனும் அங்கிருந்தே ஏற்றுமதிப் படிவம் போடலாம். பார்சல் நம் ஊரிலிருந்து சென்னை வெளிநாட்டு அஞ்சலகம் போகும். அங்கே சுங்கச் சோதனை. பிறகு விமானம். அந்த நாட்டில் இறங்கியதும் அவர்களுடைய சுங்கம். அதற்குப் பிறகு அந்த நாட்டுத் தபால்காரர். ஆக, நம் கையை விட்டதும் குறைந்தது நாலு கை மாறுகிறது. அந்த நாலு கையும் நம்முடையது இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்கு விற்பது சுலபமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2016 முதல் அங்கே ஒருவர் ஒரு நாளில் வரவழைக்கும் பொருளின் மதிப்பு 800 டாலருக்குள் இருந்தால் இறக்குமதி வரி கிடையாது. பெரிய ஓவியம்கூட அதற்குள் அடங்கிவிடும். வாங்குகிறவர் வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார், ஒரு காசு கட்ட வேண்டாம். இந்தச் சலுகையை என்றைக்கும் இருக்கும் தெருக்குழாய் மாதிரி நினைத்து விட்டோம்.

2025 ஜூலை 30-ஆம் தேதி அந்தச் சலுகையை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தி அங்கே உத்தரவு போட்டார்கள். ஆகஸ்ட் 29 முதல் அமல். இதற்கிடையில் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரி ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27-ல் 50 சதவீதம் என்று ஏறியது. இதையெல்லாம் பேப்பரில் படித்தேன். "இது திருப்பூர் பனியன் கம்பெனிக்காரங்க கவலைப்பட வேண்டிய சமாச்சாரம், நமக்கென்ன?" என்று மடித்து வைத்து விட்டேன்.

எனக்குப் புரியாதது, வரியை யார் வசூலிப்பது என்ற கேள்வி. அதுவரை தபாலில் போகும் சின்னப் பார்சலுக்கு வரியே இல்லை. அதனால் வசூலிக்க ஏற்பாடும் இல்லை. இனி விமானத்தில் ஏற்றுகிறவர்களோ, அங்கீகாரம் பெற்ற வேறு அமைப்புகளோ வசூலித்துக் கட்ட வேண்டும் என்றார்கள். எப்படி, எந்த வழியில் என்று தெளிவாகவில்லை. விமான நிறுவனங்கள் தபால் பைகளை ஏற்ற மறுத்தன. ஆகஸ்ட் 23, சனிக்கிழமை, நம் தபால் துறை அறிவித்தது: 25-ஆம் தேதி முதல் அமெரிக்காவுக்குப் பார்சல் புக்கிங் தற்காலிகமாக நிறுத்தம், கடிதம், பத்திரம், 100 டாலர் வரையிலான அன்பளிப்பு மட்டும் போகலாம். மாதக் கடைசியில் அதுவும் நின்றது.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்ததல்ல. உலகத் தபால் ஒன்றியம் என்று ஒன்று 1874 முதல் பெர்ன் நகரத்தை இடமாகக் கொண்டு நடக்கிறது. 88 தபால் அமைப்புகள் அமெரிக்காவுக்கான சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தியதாக அந்த ஒன்றியம் சொன்னது. ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்குப் போன தபால், ஒரு வாரத்துக்கு முந்தைய அளவைவிட 81 சதவீதம் குறைவு. ஜெர்மனிக்காரனும் ஜப்பான்காரனும் தவித்தபோது கவுன்டரில் இருப்பவரைக் கோபித்து என்ன பயன்? அன்று என் பார்சலைத் திருப்பிக் கொடுத்தவர், "சார், எங்களுக்கே வருத்தமா இருக்கு" என்றார்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மகள் செய்தியைக் காட்டினாள். "அப்பா, அமெரிக்கா ஆர்டரை நிறுத்திடலாம். 'பதினைந்து நாளில் கையில் கிடைக்கும்'னு போட்டிருக்கோமே, அதை எடுத்துடறேன்" என்றாள். செப்டம்பர் 22-ல் கொலு. உச்சகட்ட சீசன். எனக்கு மனசு வரவில்லை. "திங்கட்கிழமை ஆபீஸ்ல கேட்டுட்டுப் பார்த்துக்கலாம்மா, அவசரப்படாதே" என்றேன். சனி ராத்திரியும் ஞாயிறும் நாலு ஆர்டர் வந்தது. நாலுக்கும் பணம் வந்துவிட்டது. எனக்கு விஷயம் தெரியும், வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தே வாங்கிய பணம் அது. நஷ்டக் கணக்கில் இந்த நாலுக்கும் பெரிய தொகை இல்லை. ஆனால் இன்றைக்கும் உறுத்துவது இந்த நாலுதான்.

கணக்கைக் கேளுங்கள். அந்தச் சீசனில் அமெரிக்காவுக்கு 34 ஆர்டர். 19 பார்சல் முன்பே போய்விட்டது. 15 என் கூடத்தில் அடுக்கி இருந்தது. போன 19-ல் 11 நல்லபடியாகக் கிடைத்தது. 5 திரும்பி வந்தது. 3 கொலு முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. கையில் இருந்த 15-ல் 9 பேருக்கு எழுதினேன். 5 பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், 4 பேர் காத்திருக்கிறேன் என்றார்கள். மீதி 6 பேருடையதைத் தனியார் கூரியரில் அனுப்பினேன். இதுதான் இரண்டாவது தப்பு.

கூரியர் கட்டணம் தபாலைப்போல இரண்டரை மடங்கு. போனால் போகட்டும், வாடிக்கையாளர் முக்கியம் என்று அனுப்பினேன். வரி யார் கட்டுவது என்று வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினெட்டாயிரம் ரூபாய் ஓவியத்துக்கு வாசலில் போய் நின்று, வரியும் வசூல் கட்டணமுமாக ஓவிய விலையில் பாதிக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். அதில் இருவருக்கு நான் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேர் வாங்கவே மறுத்துவிட்டார்கள். திருப்பி எடுத்து வரவும் நான்தான் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு பொம்மையின் விலையைவிட அதிகம். ஆக அந்த இரண்டும் அங்கேயே போய்விட்டது.

நண்பர் ஒருவர் யோசனை சொன்னார்: "அன்பளிப்புன்னு எழுதி, மதிப்பைத் தொண்ணூறு டாலர்னு போடு. யாரு பார்க்கப் போறா?" இதைச் செய்யாதீர்கள். பணம் வாங்கி விற்ற பொருள் அன்பளிப்பு ஆகாது. பொய் உறுதிமொழி இரண்டு நாட்டிலும் குற்றம். இன்னொன்றையும் யோசியுங்கள். பார்சல் தொலைந்தால், தொண்ணூறு டாலர் என்று நீங்களே எழுதிக் கொடுத்த பொருளுக்கு இருநூறு டாலர் நஷ்டஈடு எந்த முகத்தோடு கேட்பது?

சரி, பேராசிரியர் சொன்ன 39-ஆம் பிரிவு என்னவாயிற்று? மூட்டை ரயில் ஏறியாயிற்றே? அங்கேதான் அந்த 'வால்'. வெளிநாட்டுக்காரரிடமிருந்து பணம் வாங்கித் தருகிற நிறுவனத்தோடு நாம் ஓர் ஒப்பந்தத்துக்கு 'சரி' என்று தட்டியிருக்கிறோம். யாரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. வாங்கியவர் 'பொருள் வரவில்லை' என்று மாதக்கணக்கில் கழித்துக்கூடப் புகார் செய்யலாம். வந்து சேர்ந்ததற்கு நாம் சாட்சி காட்டாவிட்டால் பணம் அவருக்குத் திரும்பிவிடும் என்று அதில் இருந்தது. சட்டப் புத்தகத்தில், அனுப்பியதும் என் வேலை முடிந்தது. நான் தட்டிய 'சரி'யில், போய்ச் சேரும் வரை முழுப் பொறுப்பும் என்னுடையது. இதுதான் 'வேற பேச்சு'! புக்கிங் ரசீது நான் அனுப்பியதற்குத்தான் சாட்சி, அவர் பெற்றதற்கு இல்லை.

தபால் துறையிடம் நஷ்டஈடு கேட்கலாமே என்பீர்கள். 1898-ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ஆம் வருடத் தபால் அலுவலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது. வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கு மேல் தபால் அலுவலகத்துக்குப் பொறுப்பு இல்லை என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு. அனுப்ப முடியாமல் போன பார்சலுக்குத் தபால் கட்டணம் திருப்பித் தரப்படும் என்று அறிவித்தார்கள். கட்டணம் வரும். கொலு தப்பிப்போனதற்கு யாரும் ஈடு தர முடியாது.

இதெல்லாம் என் நஷ்டம். நான் தாங்கிக்கொள்வேன்; பாத்திரக் கடை இருக்கிறது. தாங்க முடியாதவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரந்தைப் பக்கம் ஒரு அக்கா தலையாட்டி பொம்மை செய்கிறார். அவரோடு நாலு பெண்கள். காகிதக்கூழில் அச்சு எடுத்து, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வர்ணம் அடித்து, தலை, உடம்பு, பாவாடை என்று தனித்தனியாகச் செய்து ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்துவார்கள். ஊதினால் ஆடும். ஒவ்வொரு சீசனிலும் பணம் வர வர, அடுத்த லாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுவேன். அதை வைத்துத்தான் அவர் காகிதம், வர்ணம் வாங்கி, கூலி கொடுத்து, ஐப்பசி மழைக்கு முன் ஒரு லாட் காயவைத்து எடுத்துவிடுவார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் வந்து நின்றார். "தம்பி, அடுத்த லாட்டுக்கு ஏதாச்சும் குடுங்க" என்றார். பணம் இல்லை. வந்த பணத்தில் பாதி திரும்பிப் போய்விட்டது, மீதி பார்சலாகக் கூடத்தில் அடுக்கி இருக்கிறது. "அமெரிக்காவுல தபால் நின்னு போச்சு அக்கா, திறந்ததும் தரேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "தபால் எப்ப வேணா திறக்கும் தம்பி. வெயிலு காத்திருக்காதே" என்றார்.

தபால் திறந்தது அக்டோபர் 15. வரியை அனுப்புகிறவரே புக்கிங் சமயத்தில் கட்டிவிடும் ஏற்பாட்டோடு திறந்தார்கள். தபாலில் போகும் பொருளுக்கு அறிவித்த மதிப்பில் 50 சதவீதம், அதற்கு மேல் வேறு வரி இல்லை என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மறுநாள், அக்டோபர் 16, வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. அந்த அக்காவுக்கு அந்த வருஷத்து வெயில் போய்விட்டது. இரண்டு பெண்கள் ஜவுளிக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி திரும்பி வரவில்லை. கண்ணும் புருவமும் எழுதுவதில் அவளுக்குத்தான் கை. தபால் ஏழு வாரம் நின்றது. அவருக்கு ஒரு வருஷம் போயிற்று. தாமதம் என்றால் பொருள் மெதுவாகப் போகிறது என்று மட்டும்தான் நினைக்கிறோம். சின்ன முதலில் வியாபாரம் பண்ணுகிறவனுக்குப் பணம் சுற்றுவது நின்றுபோவதுதான் தாமதம். அதன் அடி கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள்.

இது ஏதோ ஒரு தடவை நடந்த விபத்து என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச் 23 முதல் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. முறையான சேவை திரும்பியது 2022 மார்ச் 27-ல்தான். அப்போது என் பார்சல் ஒன்று நாலு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அன்று உலகத்துக்கே காரணம் தெரியும், வாங்கியவர் "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று எழுதினார். கனடாவில் 2024 நவம்பர் 15 முதல் டிசம்பர் நடு வரை தபால் ஊழியர் வேலை நிறுத்தம். 2025 செப்டம்பர் கடைசியில் மறுபடியும். நம் தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர் டொராண்டோவில் இருக்கிறார்கள்! தடை நம் நாட்டுப் பக்கமிருந்தும் வரலாம். பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை 2023 ஜூலை 20-ல் நிறுத்தினார்கள். 2024 செப்டம்பர் 28-ல்தான் திறந்தார்கள். நம் செட் நண்பர் ஒருவர், இதோ இங்கேதான் இருக்கிறார், சிங்கப்பூருக்குச் சீரகச் சம்பா தருவதாக முன்பணம் வாங்கி வைத்திருந்தார். ஒரே ராத்திரியில் கதவு சாத்திவிட்டது. அவர் சிரிக்கிறார், அன்றைக்குச் சிரிக்கவில்லை!

சரி, இதற்கு என்ன வழி? வெளிநாட்டு வியாபாரமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். நாம் டெல்டாக்காரர்கள். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும் என்று நமக்குக் காலண்டரிலேயே உண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் திறக்கவில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆனது. அதற்காக நம்மவர்கள் விவசாயத்தை விட்டு ஓடிவிட்டார்களா? பம்புசெட் உள்ளவர் அதை நம்பி நாற்று விட்டார். இல்லாதவர் குறுவையை விட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தார். தண்ணீர் வாய்க்காலில் வரும் முன்னே எல்லா விதையையும் ஒரே நாளில் கொட்டுகிற விவசாயி உண்டா? 'தேதி நம் கையில் இல்லை' என்பது என் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. பி.காம். படித்த எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஒன்று. நம் கையில் இல்லாத தேதியை விற்காதீர்கள். 'பதினைந்து நாளில் கிடைக்கும்' என்று இப்போது நான் எழுதுவதில்லை. 'ஐந்து நாளில் இங்கிருந்து அனுப்புவோம். போய்ச் சேரும் நாள் தபாலையும் உங்கள் நாட்டுச் சுங்கத்தையும் பொறுத்தது' என்று எழுதுகிறேன். கொலுவுக்கு வேண்டுமானால் ஆடிக்குள் ஆர்டர் கொடுங்கள் என்று பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

இரண்டு. போய்ச் சேராத பார்சலின் பணம் நம் பணம் அல்ல. அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். பொருள் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வந்த பிறகுதான் நான் அதைத் தொடுகிறேன். செய்கிறவர்களுக்கு முன்பணம் கொடுப்பதற்கென்று வேறு ஒரு சின்ன முதல் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதை எந்தக் காரணத்துக்கும் தொடுவதில்லை.

மூன்று. வரி யாருடையது என்பதை ஆர்டர் வாங்கும்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வரி விகிதம் நேற்று இருந்தது இன்று இருக்காது. அனுப்புகிற நாளில் என்ன என்று பார்த்துத்தான் பெட்டியை ஒட்ட வேண்டும்.

நான்கு. போய்ச் சேரும் வரை தடம் தெரிகிற சேவையில்தான் அனுப்புங்கள். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கத் தடம் தெரியாத சேவையில் அனுப்பினால், தகராறு வரும்போது கையில் காகிதம் இருக்காது. விலை உயர்ந்ததற்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கேளுங்கள். உண்மையான மதிப்பையே எழுதுங்கள்.

ஐந்து. ஒரே நாட்டை நம்பாதீர்கள். ஒரு வாய்க்காலை மட்டும் நம்பின வயல் மாதிரி ஆகிவிடும். நான் இப்போது அமெரிக்காவுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. பெங்களூரும் சென்னையும் நம் ஊர்ப் பொம்மையை வாங்காமலா இருக்கின்றன?

ஆறு. தாமதம் என்று தெரிந்த அன்றே, அவர் கேட்பதற்கு முன் நீங்கள் எழுதுங்கள். கெட்ட செய்தியை நாம் முதலில் சொன்னால் அது தகவல். அவர் கண்டுபிடித்துக் கேட்டால் அது மோசடி.

இந்த ஆறாவதை எப்படிக் கற்றேன் என்று சொல்லி முடிக்கிறேன். அந்தச் சனி, ஞாயிறு நாலு ஆர்டரில் ஒன்று நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு அம்மாவுடையது. கும்பகோணத்துக்காரர். ஒரு ஜோடி தலையாட்டி. செப்டம்பர் முதல் வாரம் அவருக்கு எழுதினேன். தபால் நின்றதை மட்டும் எழுதலாம் என்று ஆரம்பித்தேன், பிறகு மனசு கேட்காமல், "ஆர்டர் வாங்கிய அன்றே எனக்கு இது தெரியும். சொல்லாமல் பணம் வாங்கிவிட்டேன். மன்னிக்கவும். பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்" என்று எழுதிவிட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாவது நாள் ஒரே வரியில் பதில்: "தெரிந்தே செய்தது தப்பு, சொன்னது நல்லது, பணத்தை அனுப்பிவிடுங்கள்." அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான், ஒரு வாடிக்கையாளர் போயிற்று என்று நினைத்தேன்.

தபால் திறந்த பிறகு, கார்த்திகை மாதத்தில், அவரிடமிருந்து ஆர்டர் வந்தது. அதே ஜோடி பொம்மை. கீழே குறிப்பு: "அடுத்த வருஷக் கொலுவுக்கு. அவசரம் இல்லை. வரி எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லவும்." நானும் சொன்னேன், அவரும் கட்டினார். அந்தப் பணத்தை நான் உடனே தொடவில்லை. ஆனால் ஒதுக்கி வைத்திருந்த முதலிலிருந்து கரந்தை அக்காவுக்கு முன்பணம் கொடுத்தேன். "மழை விடட்டும் தம்பி, தை வெயில்ல முதல் அச்சு இதுக்குத்தான்" என்றார்.

பேராசிரியர் இன்று நம்மோடு இல்லை. இருந்திருந்தால் எழுந்து நின்று சொல்லியிருப்பேன்: "சார், மூட்டை ரயில் ஏறினாலும் விற்றவன் படுக்கக் கூடாது. அது போய்ச் சேர்ந்தது தெரிந்த பிறகுதான் படுக்கணும்." மதிப்பெண் போடுவாரோ மாட்டாரோ, 'முப்பத்தைந்து வருஷம் கழிச்சாவது முழிச்சியே' என்று சிரித்திருப்பார்.